வீரனும் அவன் வழியும்: பாத்திரமேற்பு ஆட்டங்களின் கதைமரபு

நம் மாணவருள் பலர் இன்று கதையை நூலில் படிப்பதற்கு முன்பே திரையில் ஆடி அறிந்துவிடுகின்றனர். தாம் ஆடிய ஆட்டம் ஒன்றின் கதையைச் சொல்லுமாறு அவர்களைக் கேட்டால், பெரும்பாலும் இவ்வாறு சொல்வர். ஒரு சிற்றூர், அங்கே தன் பிறப்பின் உண்மையை அறியாத இளைஞன் ஒருவன், ஒருநாள் அவ்வூர் எரிகிறது, அவன் புறப்படுகிறான், வழியில் வாள்வல்லான் ஒருவனும், காயம் ஆற்றும் நங்கை ஒருத்தியும், மந்திரம் கற்ற முதியவர் ஒருவரும் துணையாகின்றனர், துணைவருள் ஒருவன் இரண்டகம் செய்கிறான், பகைவனை வென்றபின் அவனுக்குப் பின்னால் மறைந்திருந்த பெரும்பகை வெளிப்படுகிறது, இறுதியில் உலகம் காக்கப்படுகிறது. வேறோர் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் ஏறக்குறைய இதுவே விடையாக வரும்.

இவற்றை அச்சில் வார்த்த கதைகள் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அந்த அச்சு எங்கே வார்க்கப்பட்டது, எக்காரணத்தால் வார்க்கப்பட்டது, அதனைக் கையாண்டோர் அதனுள் நின்றே என்ன செய்தனர் என்று வினவுவதே வரலாற்று நோக்கு. அவ்வினாக்களுக்கு ஜப்பானில் உருவான டிராகன் குவெஸ்ட், ஃபைனல் ஃபேன்டசி என்னும் இரண்டு ஆட்ட வரிசைகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாத்திரமேற்பு ஆட்டம் என்பது, ஆடுவோர் ஒரு கதைமாந்தரின் பங்கை ஏற்று, அவர் சார்பில் முடிவெடுத்து, போரிலும் பயணத்திலும் படிப்படியாக வலிமை பெற்று முன்னேறும் ஆட்டவகை. அதன் மாந்தர் முதலில் தோன்றிய இடம் திரையன்று, மேசையாகும்.

மேசையில் பிறந்த மாந்தர்

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். தாளும் எழுதுகோலும் பகடையுமே அதன் கருவிகள். நண்பர் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதை நடத்த, ஏனையோர் ஆளுக்கொரு மாந்தராக நின்று ஆடுவர். முதற்பதிப்பில் அம்மாந்தர் மூன்று வகையினர்: போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. அடுத்த ஆண்டில் வந்த துணைநூல் திருடனைச் சேர்த்தது.

இப்பகுப்பு மனித இயல்பை ஆராய்ந்து செய்யப்பட்டதன்று. மேசையில் அமர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை வேண்டும். ஒருவர் குறையை இன்னொருவர் நிரப்ப வேண்டும். மந்திரவாதிக்கு உடல்வலிமையும் இருந்துவிட்டால் போர்வீரனுக்கு வேலையில்லை. ஆகவே மந்திரம் வல்லவன் மெலிந்தவன் ஆனான். கவசம் பூண்டவன் மந்திரம் அறியாதவன் ஆனான். காயம் ஆற்றுபவர் இவ்விருவருக்கும் இடையே நின்றார். இவ்வாட்டங்களில் தொழிற்பங்கீடு முதலிலும் குணச்சித்திரம் பின்னரும் வந்தன என்பது மனத்திற்கொள்ளத் தக்கது.

1981ஆம் ஆண்டு ஆப்பிள் கணினிக்கென இரண்டு ஆட்டங்கள் வெளிவந்தன. ஒன்று, ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் உட்ஹெட்டும் படைத்த விசர்ட்ரி. மற்றொன்று, ரிச்சர்டு கேரியட் படைத்த அல்டிமா. விசர்ட்ரியில் ஒருவரே ஆறு மாந்தர் வரை அடங்கிய குழுவை நடத்தலாம். மேசையைச் சுற்றி நண்பர் பலர் வகித்த பங்குகள் இவ்வாறு தனியொருவர் கைக்கு வந்து சேர்ந்தன. ஆயினும் கதை மிக மெலிந்தே இருந்தது. பத்து அடுக்குக் கொண்ட நிலவறையின் அடியில் தீய மந்திரவாதி ஒருவன், அவன் கவர்ந்த தாயத்தை மீட்க வேண்டும், அவ்வளவே. இம்மாந்தருக்கு ஓர் ஊரும் உறவும் துயரமும் தந்த பணி பெரும்பாலும் ஜப்பானில் நிகழ்ந்தது.

64 கிலோபைட்டில் ஓர் உலகம்

1986ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள், நிண்டெண்டோவின் ஃபாமிகாம் என்னும் வீட்டு விளையாட்டுப் பொறிக்கென எனிக்ஸ் நிறுவனம் டிராகன் குவெஸ்டை வெளியிட்டது. யூஜி ஹொரி கதையும் அமைப்பும் வகுத்தார். கோஇச்சி நாகமுரா நிரல் எழுதினார். அகிரா தொரியாமா ஓவியம் வரைந்தார். கோஇச்சி சுகியாமா இசை அமைத்தார். கணினியறிவும் ஆட்டப்பழக்கமும் இல்லாத சிறுவர்க்கும் எளிதில் விளங்க வேண்டும் என்பது ஹொரியின் குறிக்கோள்.

அவர்கள் கையில் இருந்த இடமோ மிகச் சிறிது. ஓவியம், இசை, வரைபடம், உரையாடல் அனைத்தையும் 64 கிலோபைட்டுக்குள் அடக்க வேண்டியிருந்தது. ஜப்பானிய எழுத்துகள் முழுவதற்கும் இடமில்லாமையால், கத்தகானா எழுத்துகளில் தேவையானவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, அவற்றால் எழுதக்கூடிய சொற்களையே கையாண்டனர். இத்தகைய நெருக்கடியில் அரசன், இளவரசி, நாகமன்னன் என்னும் பழகிய மாந்தர் பெருந்துணை ஆயினர். அரசன் என்றால் ஆணையிடுவான். கவரப்பட்ட இளவரசி என்றால் மீட்கப்பட வேண்டியவள். இதனை விளக்க ஒரு வரியும் செலவாகாது. பழகிய அச்சு நினைவகத்தை மிச்சப்படுத்தியது எனலாம்.

வீரன் அடிக்கடி அரசனிடம் திரும்பி வருவதற்கும் இத்தகைய காரணம் உண்டு. ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கான பதிவைப் பொறி தன்னுள் வைத்துக்கொள்ள இயலவில்லை. ஆகவே அரசன் இருபது எழுத்துகளாலான 'மீட்பு மந்திரம்' ஒன்றை உரைப்பான். சிறுவர் அதனைத் தாளில் எழுதிக்கொள்வர். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் பயணம் பாழாகும். இவ்வாறு பொறியின் குறை கதையில் அரசனின் அவையாக மாறியது.

வீரன் பேசாதவனாக இருப்பதும் கருதத்தக்கது. ஆடுபவர் இடும் பெயரே அவன் பெயர்; பிறர் பேச, அவன் 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் விடை தருவான். அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்னும் தொல்காப்பிய மரபை அறிந்த நமக்கு இதன் பயன் எளிதில் விளங்கும். பெயரில்லாத இடத்தில் யாரும் நின்று பார்க்கலாம்.

இவ்விரண்டு சொற்களைக் கொண்டே ஹொரி ஓர் அரிய காட்சியை அமைத்தார். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே நீருக்கு அப்பால் நாகமன்னனின் கோட்டை கண்ணுக்குத் தெரியும். நெடும்பயணத்தின்பின் அங்குச் சென்று சேர்ந்தால், அவன் போருக்குமுன் ஒரு பேரம் பேசுகிறான்: என்னோடு சேர்ந்தால் உலகில் பாதியைத் தருகிறேன். 'ஆம்' என்று சொன்னால் அத்துடன் ஆட்டம் முடிந்தது, வீரன் வீழ்ந்தான். நூலில் நாம் பிறர் மயங்குவதைப் படிக்கிறோம். இங்கோ விடை நம் விரலில் இருக்கிறது. அச்சில் வார்த்த கதைக்கு இவ்வகையால் ஒரு புதிய ஆற்றல் கிடைத்தது.

அச்சைத் திருப்பியோர்

அச்சு நிலைபெற்ற பிறகு அதனைத் திருப்பிப் பார்க்கும் துணிவு பிறந்தது. 1987ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்கொயர் நிறுவனத்தில் ஹிரோநொபு சகாகுச்சி ஃபைனல் ஃபேன்டசி வரிசையைத் தொடங்கினார். 1988ஆம் ஆண்டு வெளிவந்த டிராகன் குவெஸ்ட் மூன்றாம் பகுதியில், முதற்பகுதி வீரன் தன் முன்னோனாகப் போற்றிய பழம்பெரும் வீரன் வேறு யாருமல்லன், இப்பகுதியில் நாம் நடத்திய வீரனே என்பது முடிவில் தெரிகிறது.

1990ஆம் ஆண்டு வந்த நான்காம் பகுதி, எரிந்த ஊரைப் புதிய கண்ணால் நோக்கியது. வீரனைக் காக்க அவன் இளமைத் தோழி அவனுருவம் கொண்டு தான் மடிகிறாள், ஊர் அழிகிறது. ஆயின் அழித்த பகைவனுக்கும் ஒரு துயரம் உண்டு. அவன் அன்புகொண்ட எல்ஃப் இனப் பெண்ணின் கண்ணீர் மாணிக்கமாகும்; அதன்மேல் பேராசை கொண்ட மனிதர் கையால் அவள் மாள்கிறாள். வீரனும் பகைவனும் ஒரே வகைத் துயரின் இரு மக்கள் என்பதை அக்கதை உணர்த்திற்று.

1991ஆம் ஆண்டின் ஃபைனல் ஃபேன்டசி நான்காம் பகுதி இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதன் நாயகன் செசில் கருங்கவசம் பூண்ட படைத்தலைவன். அரசன் ஆணைப்படி மந்திரவாதிகளின் ஊரைத் தாக்கிப் படிகத்தைக் கவர்ந்து வரும் காட்சியிலேயே கதை தொடங்குகிறது. பின்னர் அவன் ஒரு மோதிரத்தை மிஸ்ட் என்னும் சிற்றூருக்கு எடுத்துச் செல்கிறான். அதனுள் என்ன இருக்கிறது என்று அவன் அறியான். அதிலிருந்து எழுந்த நெருப்பு அவ்வூரை எரிக்கிறது. அங்குத் தாயை இழந்து அழும் சிறுமி ரிடியா, வேறு கதைகளில் வீரன் நிற்கும் இடத்தில் நிற்கிறாள். இங்கே எரித்தவனே நாயகன். செசில் தான் கொள்ளையிட்ட ஊருக்கே மீண்டும் சென்று, வசையைத் தாங்கி, மலை ஏறித் தன் நிழலுருவோடு எதிர்நிற்கிறான். அப்போரில் வெல்லும் வழி தாக்காமல் பொறுத்து நிற்பதே.

1992ஆம் ஆண்டின் டிராகன் குவெஸ்ட் ஐந்தாம் பகுதி வீரன் என்னும் சொல்லையே கேள்விக்கு உள்ளாக்கியது. சிறுவனாகத் தந்தையுடன் அலைந்தவன், அத்தந்தை கொல்லப்படுவதைக் கண்ணெதிரே காண்கிறான், பத்தாண்டு அடிமையாக உழைக்கிறான், மணம் புரிகிறான், கல்லாகச் சபிக்கப்பட்டுப் பல்லாண்டு அசையாது நிற்கிறான். பழங்கதை கூறும் வீரனுக்குரிய வாளும் கவசமும் அவனுக்குப் பொருந்துவதில்லை. அவை அவன் மகனுக்கே பொருந்துகின்றன. நாம் இத்தனை காலம் நடத்தியவன் வீரன் அல்லன், வீரனின் தந்தை. ஒரு தலைமுறை தன் வெற்றியைத் தானே காணாது அடுத்த தலைமுறைக்கு வழியமைப்பதே வாழ்க்கை என்னும் கருத்து, சிறுவர்க்கான ஆட்டம் ஒன்றில் இவ்வாறு இடம்பெற்றது.

மரபின் குறைகள்

இம்மரபைப் புகழ்ந்து மட்டும் அமைவது நேர்மையாகாது. அதன் குறைகள் இரண்டு.

முதலாவது, பெண்ணுக்குத் தரப்பட்ட இடம். காயம் ஆற்றுதலும் தன்னைப் பலியிடுதலும் பெண்ணின் பங்கு என்பது பல ஆட்டங்களில் எழுதாத விதியாயிற்று. 1997ஆம் ஆண்டின் ஃபைனல் ஃபேன்டசி ஏழாம் பகுதியில் ஏரித் என்னும் நங்கை வேண்டிநிற்கும்போதே கொல்லப்படும் காட்சி உலகெங்கும் பலரை வருத்தியது. எனினும் அதுவும் அவ்விதிக்கு உட்பட்டதே. மாற்றுச் சான்றும் உண்டு. 1994ஆம் ஆண்டின் ஆறாம் பகுதியில் உலகம் அழிந்த பின் ஒரு தீவில் கண்விழித்து, சிதறிய துணைவரைத் தேடி முதலில் புறப்படுபவள் செலீஸ் என்னும் பெண் படைத்தலைவி.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. கொன்றால் அனுபவம், அனுபவத்தால் வளர்ச்சி என்பது மேசையாட்டக் காலம் தொட்டு வந்த கணக்கு. உலகைக் காப்பவன் ஆயிரம் உயிரைக் கொன்றே வலியவனாகிறான். இதனைப் படைப்பாளர் சிலரே முதலில் உணர்ந்தனர். 1985ஆம் ஆண்டின் அல்டிமா நான்காம் பகுதியில் இறுதிப் பகைவனே இல்லை. வாய்மை, இரக்கம், பணிவு முதலிய எட்டு அறங்களில் நிறைவு பெறுவதே குறிக்கோள். பார்வையற்ற வணிகருக்குக் குறைவாகப் பணம் கொடுத்தாலும் அங்கே வாய்மை குன்றும். 1989ஆம் ஆண்டில் ஷிகெசாத்தோ இத்தோய் படைத்த மதர் என்னும் ஆட்டத்தில் இறுதிப் பகைவன் ஒரு தாலாட்டால் வெல்லப்படுகிறான். 1997ஆம் ஆண்டில் ஜப்பானில் வந்த மூன் என்னும் ஆட்டத்தில், வீரன் கொன்று குவித்த உயிர்களின் ஆன்மாக்களை மீட்கும் சிறுவனாக நாம் நடக்கிறோம். 2015ஆம் ஆண்டில் டோபி ஃபாக்ஸ் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட அண்டர்டேலில் ஒருவரையும் கொல்லாமலே முடிவை எட்டலாம். கொன்றால் ஆட்டம் அதனை மறப்பதில்லை.

முடிவாக

மேசையில் தொழிற்பங்கீடாகத் தோன்றி, சிறிய நினைவகத்தின் நெருக்கடியால் அச்சாக இறுகி, பின்னர் அந்த அச்சையே எதிர்நோக்கிக் கேள்வி எழுப்பும் கலையாக வளர்ந்தது இம்மரபு. அச்சை அறிந்தவரே அது மீறப்படும் இடத்தையும் அறிவர். எரிந்த ஊர்க் கதைகள் பல வந்திராவிடின், செசிலின் மோதிரம் நம்மைத் திடுக்கிடச் செய்யாது. எல்லாக் கதையும் ஒன்றே என்று சொல்லும் மாணவன் பாதி உண்மையைக் கண்டவன். எங்கே வேறுபடுகிறது என்று காட்டும் மாணவனே திறனாய்வின் வாயிலில் நிற்பவன்.

ஆசிரியர் தம் வகுப்பில் இதனை எளிதாகத் தொடங்கலாம். மாணவன் ஒருவன் தான் ஆடிய ஆட்டத்தைப் பற்றி, 'ஐயா, முதலில் ஊர் எரியும்' என்று சொல்லும்போது, 'எரித்தவர் யார்?' என்று கேட்டால் போதும். பெரும்பாலும் 'பகைவன்' என்றே விடை வரும். என்றேனும் ஒருநாள் ஒரு மாணவன் சற்றுத் தயங்கி, 'நான்தான் ஐயா' என்பான். அன்று அவ்வகுப்பில் இலக்கியம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.