தெரிந்தும் வாய் திறக்காதவர்கள்

நார்வேயின் பெர்கன் நகரை ஒட்டிய ஃபான்டாஃப்ட்டில், 1992 ஜூன் 6 அன்று ஒரு மரத் தேவாலயம் எரிந்து சாம்பலானது. 12-ஆம் நூற்றாண்டில் ஃபோர்ட்டுன் கிராமத்தில் கட்டி, 1883-இல் பிரித்தெடுத்து இங்கே கொண்டுவந்து நிறுத்திய கோயில் அது. கரிந்து நின்ற மிச்சத்தின் படத்தை அடுத்த ஆண்டு தன் இசைத்தட்டின் அட்டையில் போட்டார் 'பர்ஸம்' என்ற பெயரில் தனியாளாக இசையமைத்த வார்க் விக்கெர்னெஸ். முதலில் விற்ற தட்டுகளோடு ஒரு சிகரெட் லைட்டரும் கொடுக்கப்பட்டது!

விக்கெர்னெஸைப் போல 'பிளாக் மெட்டல்' என்ற கடும் ராக் இசையை வாசித்த இளைஞர்கள் கூடிய இடம் ஓஸ்லோவின் 'ஹெல்வெட்டே' இசைத்தட்டுக் கடை. 'மேஹெம்' குழுவின் கிடார் கலைஞர் ஓய்ஸ்டைன் ஆர்ஸெத் 1991-இல் தொடங்கியது. கறுப்புச் சாயம் பூசிய அந்தச் சுவர்களுக்குள், யார் பெரிய கொடியவன் என்று காட்டுவதில் பையன்களுக்குள் போட்டி.

1992 ஆகஸ்ட் 21. 'எம்பரர்' குழுவின் டிரம்மர் போர்ட் ஐதூனுக்கு அப்போது வயது 18. லில்லெஹாமரில், முன்பின் தெரியாத தன்பாலீர்ப்பாளர் ஒருவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். இரண்டே நாளில் ஆர்ஸெத்தோடும் விக்கெர்னெஸோடும் சேர்ந்து ஓஸ்லோவின் ஹோல்மென்கோலன் ஆலயத்துக்குத் தீ வைத்தார். கொலை விஷயம் வட்டத்துக்குள் பலருக்குத் தெரியும். ஆனாலும் ஓராண்டு காலம் போலீஸுக்குத் துப்பே கிடைக்கவில்லை.

1993 ஜனவரியில் விக்கெர்னெஸ் பெர்கன் நாளிதழுக்கு வீறாப்பாகப் பேட்டி கொடுத்தார்; கைதானார்; போதிய ஆதாரம் இல்லாமல் வெளியே வந்தார். ஆர்ஸெத்தோடு பகை முற்ற, ஆகஸ்ட் 10 அன்று அவரையே அவரது வீட்டில் குத்திக் கொன்றார். உடலில் 23 காயங்கள். அந்த விசாரணையில்தான் லில்லெஹாமர் கொலையும் வெளிப்பட்டது. ஐதூனுக்கு 14 ஆண்டு சிறை. விக்கெர்னெஸுக்குக் கொலைக்கும் தேவாலயங்களை எரித்ததற்கும் சேர்த்து, அந்நாட்டில் அப்போது அதிகபட்சத் தண்டனையாக இருந்த 21 ஆண்டு. ஃபான்டாஃப்ட் வழக்கில் மட்டும் ஜூரிகள் அவரை விடுவித்தனர்.

இசைதான் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். அதே இசையை வாசித்த பலர் தீக்குச்சியைக்கூடத் தொட்டதில்லை. கொலையை வீரமாக எண்ணிப் பாதுகாத்த மௌனம்தான் அடுத்த கொலைக்கு வழிவிட்டது. இன்றும் இந்தக் கதையைச் சொல்பவர்கள் இரண்டு இசைக்கலைஞர்களின் பகையைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, லில்லெஹாமரில் இறந்த மனிதரை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். இந்த வரலாறு அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்த வாரம்: கொன்றவரும் கொல்லப்பட்டவரும் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு.

(தொடரும்)