அடுத்த பெருந்தொற்றுக்கு யார் காசு போடுறாங்க? உலக நாடுகளின் பொது உண்டியல் எப்படி வேலை செய்யுது?

2020 ஜனவரி 30: கொரோனா பரவலை சர்வதேச அவசரநிலையாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. மார்ச் 11: இது பெருந்தொற்று என்று சொன்னது. ஏழை நாடுகளுக்குக் கைகொடுக்க உலக வங்கி முன்கூட்டியே ஒரு காப்பீடு எடுத்து வைத்திருந்தது. அந்தப் பணத்தை விடுவிக்கலாம் என்று முடிவானது எப்போது தெரியுமா? ஏப்ரல் நடுவில்!

அதற்குள் ஊரடங்கு, மருத்துவமனையில் இடமில்லை, ஆக்சிஜன் தட்டுப்பாடு என்று பல நாடுகள் தவித்துக்கொண்டிருந்தன. வெள்ளம் வருமுன் அணை போடணும்னு சொல்வாங்க. இங்கே அணைக்கான பணமே வெள்ளம் வந்த பிறகுதான் வந்தது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு உலக நாடுகள் சேர்ந்து புது உண்டியல் ஒன்றை வைத்திருக்கின்றன. அதில் யார் காசு போடுறாங்க, எவ்வளவு இருக்கு, அது போதுமா? பார்க்கலாம்.

பழைய காப்பீட்டில் என்ன சிக்கல்?

2017-ல் உலக வங்கி 32 கோடி டாலருக்குப் 'பெருந்தொற்றுப் பத்திரங்களை' விற்றது. வாங்கிய முதலீட்டாளர்களுக்கு வட்டி கிடைக்கும். பெரிய தொற்று வந்தால் அவர்கள் போட்ட முதல் ஏழை நாடுகளுக்குப் போகும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பணம் வெளியே வர நிபந்தனைகள் ஏராளம். தொற்று தொடங்கி இத்தனை வாரம் ஆகணும், இத்தனை பேர் இறந்திருக்கணும், இன்னொரு நாட்டுக்கும் பரவியிருக்கணும்.

2018 முதல் 2020 வரை காங்கோவில் எபோலா 2,000 பேருக்கு மேல் உயிரைப் பறித்தது. ஆனாலும் இந்தப் பத்திரங்களில் இருந்து பணம் வரவில்லை. காரணம், இரண்டாவது ஒரு நாட்டிலும் குறைந்தது 20 பேர் இறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. அது நிறைவேறவில்லை.

கொரோனாவுக்கு 19.58 கோடி டாலர் வந்தது. அதை 64 நாடுகள் பிரித்துக்கொண்டன. சராசரியாக ஒரு நாட்டுக்கு சுமார் 30 லட்சம் டாலர்தான். 2020 ஜூலையில் பத்திரங்களின் காலம் முடிந்தது, திட்டமும் அத்தோடு நின்றுபோனது.

புது உண்டியல் எது?

அதன் பெயர் 'பெருந்தொற்று நிதியம்'. 2022 நவம்பரில், இந்தோனேசியா ஜி20 தலைமையில் இருந்தபோது பாலியில் தொடங்கி வைக்கப்பட்டது. கணக்கு வழக்கைப் பார்ப்பது உலக வங்கி. தொழில்நுட்ப ஆலோசனை உலக சுகாதார அமைப்புடையது. தொடங்கும்போதே 140 கோடி டாலருக்கு வாக்குறுதி கிடைத்தது.

பழைய காப்பீட்டுக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கு. அது நோய் பரவிய பிறகு கொடுக்கும் பணம். இது நோய் வருவதற்கு முன்பே கொடுக்கும் பணம்.

முடிவு யார் கையில்?

'காசு கொடுப்பவர் சொல்வதுதான் சட்டம்' என்ற புகார் சர்வதேச நிதி அமைப்புகள் மீது எப்போதும் உண்டு. அதைத் தவிர்க்கத்தான் இதன் ஆட்சிக் குழு இப்படி அமைக்கப்பட்டது:

- மொத்த வாக்குகள்: 21
- நிதி தரும் நாடுகளுக்கு: 9
- நிதி பெறும் தரப்பு நாடுகளுக்கு: 9
- சமூக அமைப்புகளுக்கு: 2
- அறக்கட்டளைகளுக்கு: 1

பணம் நேராக அரசின் கையில் போகாது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, யுனிசெஃப், ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பு போன்றவை வழியாகத்தான் திட்டங்கள் நடக்கும்.

எதுக்கு செலவாகுது?

மூன்று வேலைகளுக்கு: நோய்க் கண்காணிப்பு, ஆய்வகங்கள், பயிற்சி பெற்ற ஆட்கள். புதுசா ஒரு காய்ச்சல் தலைகாட்டினால் அதைச் சில நாட்களில் கண்டுபிடிப்பதற்கும், சில மாதம் கழித்துக் கண்டுபிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த மூன்றில்தான் இருக்கு.

இந்தியா இந்த உண்டியலுக்குக் காசு போடும் நாடு, அதிலிருந்து பெறும் நாடும்கூட. கால்நடை நோய்க் கண்காணிப்பைப் பலப்படுத்த இந்தியாவுக்கு 2.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. மனுஷங்க நோய்க்கு மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஏன் காசு? நிபா, பறவைக் காய்ச்சல் போன்றவை விலங்குகள், பறவைகளிடம் இருந்து மனிதருக்கு வருபவை. அங்கேயே பிடித்துவிட்டால் ஊருக்குள் வராமல் தடுக்க வாய்ப்பு அதிகம்.

இந்தப் பணம் போதுமா?

போதாது. உலக வங்கியும் உலக சுகாதார அமைப்பும் 2022-ல் போட்ட கணக்குப்படி, உலகம் முழுக்க முன்தயாரிப்புக்கு ஆண்டுக்கு 3,110 கோடி டாலர் வேண்டும். அதில் வெளிநாட்டு உதவியாக மட்டும் ஆண்டுக்கு 1,050 கோடி டாலர் கூடுதலாகத் தேவை.

நிதியம் 2024 இறுதிக்குள் கொடுத்தது? 75 நாடுகளுக்குச் சேர்த்து 88.5 கோடி டாலர். முதல் சுற்றில் மட்டுமே நாடுகள் கேட்டது 250 கோடிக்கு மேல். கிடைத்தது 33.8 கோடி.

இன்னொரு பக்கம், கொரோனாவால் 2024 வரை உலகப் பொருளாதாரத்துக்கு 13.8 லட்சம் கோடி டாலர் இழப்பு ஏற்படும் என்று சர்வதேச நிதியம் 2022-ல் கணித்தது. அந்த இழப்புத் தொகையை வைத்து, ஆண்டுக்கு 1,050 கோடி டாலர் பற்றாக்குறையை 1,300 வருஷத்துக்கு ஈடுகட்டலாம்!

அப்புறம் ஏன் யாரும் போடுறதில்லை?

ஊர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தலைக்கட்டு வரி என்றால் எல்லா வீடும் கட்டியாகணும். நன்கொடை என்றால் விருப்பம் உள்ளவர் கொடுக்கலாம். பெருந்தொற்று நிதியம் நன்கொடையை நம்பித்தான் ஓடுகிறது. தடுக்கப்பட்ட நோய் யார் கண்ணுக்கும் தெரியாது. நெருக்கடி ஓய்ந்ததும் அரசுகளின் கவனம் வேறு செலவுகளுக்குத் திரும்பிவிடுகிறது.

உலக சுகாதார அமைப்புக்கும் இதே கதைதான். உறுப்பு நாடுகளின் கட்டாயச் சந்தா அதன் பட்ஜெட்டில் சுமார் 16 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. மிச்சமெல்லாம் நன்கொடை. கட்டாயச் சந்தாவை அடிப்படை பட்ஜெட்டில் படிப்படியாகப் பாதியாக உயர்த்த 2022-ல் நாடுகள் ஒப்புக்கொண்டன. 2025 மே மாதம் சந்தா 20 சதவீதம் கூட்டப்பட்டது. ஆனால் அதே ஆண்டு ஜனவரியிலேயே, அதிகம் பணம் தந்துவந்த அமெரிக்கா விலகுவதாக அறிவித்துவிட்டது.

நோய் வந்துட்டா உடனடிப் பணம்?

உலக சுகாதார அமைப்பிடம் 2015 முதல் ஓர் அவசரகால நிதி இருக்கு. 24 மணி நேரத்தில் 5 லட்சம் டாலர் வரை அதிலிருந்து விடுவிக்க முடியும். ஆட்களை அனுப்ப, மாதிரி எடுக்க அது உதவும். பெரிய பரவலுக்குத் தாங்காது.

2024 ஆகஸ்ட் 14-ல் குரங்கம்மைக்கு அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பெருந்தொற்று நிதியம் செப்டம்பர் 19-ல் 10 நாடுகளுக்கு சுமார் 12.9 கோடி டாலர் ஒதுக்கியது. ஐந்து வாரம். கொரோனா காலத்தைவிட வேகம்தான். ஆனால் வைரஸ் ஐந்து வாரம் காத்திருக்காது.

அடுத்து என்ன?

2025 மே 20-ல் பெருந்தொற்று ஒப்பந்தத்தை உலக நாடுகள் ஏற்றன. சிதறிக் கிடக்கும் நிதிகளை ஒருங்கிணைக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. எந்தப் பணம் எங்கே இருக்கு, எந்த நாட்டுக்கு என்ன தேவை என்று பார்த்து இணைப்பதுதான் அதன் வேலை. ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 60 நாடுகள் முறைப்படி ஏற்புறுதி அளிக்க வேண்டும்.

ஆனால், எந்த நாடு எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லவில்லை. உண்டியல் இருக்கு, கணக்குப் பார்க்க ஆள் இருக்கு, எவ்வளவு தேவை என்பதும் தெரியும். தலைக்கட்டு வரி மட்டும்தான் இன்னும் முடிவாகவில்லை.