தள்ளவா? இழுக்கவா?

ஹோட்டல் கிச்சன் கதவைக் கவனிச்சிருப்பீங்க. சர்வர் ரெண்டு கையிலும் தட்டோட வருவார், தோளால ஒரு இடி, கதவு திறந்துக்கும். திரும்பிப் போகும்போதும் அதே இடிதான். நிலையில் கதவைத் தடுக்கும் விளிம்பு கிடையாது. கீல் ரெண்டு பக்கமும் மடங்கும், ஸ்பிரிங் மறுபடி நடுவுல கொண்டுவந்து நிறுத்தும். தள்ளவா இழுக்கவான்னு யோசிக்கவே வேணாம்.

இதோட அருமை தெரியணும்னா 1883 ஜூன் 16க்குப் போகணும் மக்களே. இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரம், விக்டோரியா ஹால். சின்னப் பசங்களுக்கான வித்தை நிகழ்ச்சி. மேல் கேலரியில் மட்டும் சுமார் 1100 குழந்தைகள். முடியும் நேரத்துல, டிக்கெட் நம்பர் பார்த்து வாசல்ல பரிசு தருவோம்னு அறிவிப்பு. கீழே இருந்தவங்களுக்கோ மேடையிலிருந்தே கொடுக்க ஆரம்பிச்சாச்சு. நமக்கு இல்லாமப் போயிடுமோன்னு மேலே இருந்த பிள்ளைங்க படியில பாய்ஞ்சாங்க.

படிக்குக் கீழே ஒரு கதவு. அது பிள்ளைங்க பக்கமாத்தான் திறக்கும். அதையும் ஒவ்வொருத்தரா வரட்டும்னு ஒரு பிள்ளை நுழையும் சந்து மட்டும் விட்டுத் தாழ்ப்பாள் போட்டிருந்தாங்க. தாழ்ப்பாளும் பிள்ளைங்க பக்கம். வெளியே நின்ன பெரியவங்களால சந்து வழியா ஒவ்வொருத்தரா இழுக்கத்தான் முடிஞ்சுது. செத்தது 183 குழந்தைங்க, 3 வயசுலேர்ந்து 14 வரைக்கும். காவலாளி ஃப்ரெடரிக் கிரஹாம் வேறு படி வழியா மேலே ஓடி சுமார் 600 பேரைத் திருப்பி அனுப்பலைன்னா கணக்கு இன்னும் கூடியிருக்கும்.

தாழ்ப்பாள் போட்டது யாருன்னு விசாரணையில கடைசிவரை தெரியல. என்னைக் கேட்டா, தாழ்ப்பாளே இல்லைன்னாலும் அந்தக் கதவு திறந்திருக்காது. பின்னாலிருந்து தள்ளுற கூட்டமே அதை மூடி வைக்கும். நம்ம பாஷையில சொன்னா, லோடு ஏற ஏற இறுக்கமா லாக் ஆகிற டிசைன்.

அப்போ எல்லா இடத்துலயும் கிச்சன் கதவையே மாட்டிடலாமே? முடியாது. ரெண்டு பக்கமும் ஆடுற கதவுல விளிம்பு இல்லாததால புகை கசியும், வெளியாள் வராம பூட்டுறதும் கஷ்டம். அதனால அதுல பாதியை மட்டும் எடுத்துக்கிட்டாங்க: வெளிப்பக்கம் திறக்கணும், உள்ளேயிருந்து உடம்பு பட்டாலே தாழ் விலகணும். ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் இந்தத் தள்ளு கம்பிக்கு 1892ல காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு மால், தியேட்டர் அவசர வழிகள்ல இருக்கிற அதே கம்பி.

பாடம் மட்டும் கடல் தாண்ட ரொம்ப நாளாச்சு. 1942ல பாஸ்டனின் கோகோநட் க்ரோவ் இரவு விடுதித் தீயில 492 பேர் செத்தாங்க. சுழல் கதவு நெரிசல்ல அடைச்சுக்கிச்சு. மத்த வாசல்கள்ல சிலது பூட்டு, சிலது உள்பக்கம் திறக்கிறது.

நம்ம ஊர் பழைய டூரிங் டாக்கீஸ், கல்யாண மண்டபம் எல்லாம் எந்தப் பக்கம் திறக்கும்? ஞாபகம் இருக்கிறவங்க சொல்லுங்கப்பா.