எண்ணூர் இறாலும் கன உலோகங்களும்

எண்ணூர்க் கழிமுகம் சென்னைக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு வங்கக் கடலில் கலக்கும் இடம். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து சில மாதங்கள் வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்பும். கரையோரக் குப்பங்களின் மீனவர்கள் இவற்றை வலையிட்டுப் பிடித்தனர். இருளர்கள் சேற்றைக் கையால் தடவிப் பிடித்து, வாயில் கவ்விய பறியில் சேர்த்தனர்.

1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையமும் 2001-ல் துறைமுகமும் வந்தன. புகைபோக்கிதான் கண்ணில் படும். ஆனால் ஆற்றை மாற்றியது சாம்பல் குழாய். வடசென்னை நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் நீரில் கரைக்கப்பட்டு, குழாய்கள் வழியே செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குச் சென்றது. குழாய்கள் உடைந்து கசிந்ததால் ஆற்றின் அடியில் சாம்பல் படிந்தது. நிலக்கரியில் மிகச் சிறிதளவே உள்ள ஈயம், காட்மியம், ஆர்சனிக் போன்றவை எரிந்தபின் சாம்பலில் செறிவாகத் தங்குகின்றன.

இறால் சேற்றிலேயே இரை தேடுவது. அதன் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனினில் செம்பு உண்டு. எனவே இறாலில் செம்பு இருப்பதாலேயே அது மாசடைந்தது என்று சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. காட்மியமும் ஈயமும் அதற்குத் தேவையற்றவை. குறிப்பாகக் காட்மியம், தசையைவிடத் தலைப்பகுதியில் உள்ள செரிமானச் சுரப்பியில் அதிகம் சேர்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதி, இறால் தசையில் இவ்விரண்டுக்கும் தலா கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என வரம்பு வைத்தது. தலை அந்தக் கணக்கில் இல்லை. நம் வீடுகளில் தலையோடு குழம்பு வைப்பவர்கள் உண்டு. பொடி இறாலை முழுதாகவே காயவைத்துத் தின்கிறோம்.

சாம்பல் கசிவுக்கு எதிராக மீனவர் ஒருவர் 2016-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினார். 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் குப்பத்தினர் ஓர் இக்கட்டில் இருந்தனர். இறாலில் நஞ்சு என்று பேசினால் அன்றைய பாடு விலை போகாது. பேசாவிட்டால் ஆறு தூர்ந்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அரசு அந்த மாதமே நிவாரணம் அறிவித்தது.