ஆலிவ் ரகங்களை இனங்காணும் டி.என்.ஏ. குறிப்பான்கள்

ஆலிவ் மரத்தின் டி.என்.ஏ.வில் ரகத்துக்கு ரகம் வேறுபடும் குறிப்பிட்ட இடங்கள் குறிப்பான்கள் எனப்படும். பெயர் ஐயத்துக்குரிய ஒரு மரம் எந்த ரகம் என்பதை அவற்றைக் கொண்டு உறுதிசெய்யலாம்.

தேவை

விதையில் முளைக்கும் ஆலிவ் கன்று தாய்மரத்தின் குணங்களை அப்படியே கொண்டிருப்பதில்லை. எனவே மத்தியதரைக்கடல் நாட்டு உழவர்கள் கிளைகளை வெட்டி நட்டும் ஒட்டுக்கட்டியும் ரகங்களைக் காத்துவந்தனர். கிளைகள் நாடுவிட்டு நாடு சென்றபோது ஒரே ரகம் பல பெயர்களைப் பெற்றது. வெவ்வேறு ரகங்களும் ஒரே பெயரில் வழங்கின. பழமும் இலையும் மண்ணுக்கும் நீருக்கும் ஏற்ப மாறுபடுவதால், மாற்றம் குறைந்த கொட்டையின் வடிவமே நெடுங்காலம் முதன்மைச் சான்றாக இருந்தது.

வரலாறு

1970இல் ஸ்பெயினின் கோர்டோபாவில் உலக ஆலிவ் மரபுவளச் சேமிப்பகம் தொடங்கப்பட்டது. பல நாட்டு ரகங்கள் ஒரே இடத்தில் வளர்ந்ததால் அவற்றை நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது. 1980களில் மகரந்தத்தில் உள்ள நொதிகளின் வேறுபாடுகள் ஆராயப்பட்டன. 1990களில் ஆர்.ஏ.பி.டி. என்னும் முதல் டி.என்.ஏ. முறை வந்தது. அது எளியது, ஆனால் ஓர் ஆய்வகத்தின் முடிவு மற்றோர் ஆய்வகத்தில் அப்படியே கிடைக்கவில்லை.

2000 முதல் எஸ்.எஸ்.ஆர். குறிப்பான்கள் பரவின. டி.என்.ஏ.வின் சில எழுத்துகள் அடுத்தடுத்துத் திரும்ப வரும் இடங்கள் இவை; திரும்பும் எண்ணிக்கை ரகங்களுக்கிடையே வேறுபடும். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்த வடிவங்களைத் தனித்தனியே காட்டுவது இவற்றின் சிறப்பு. கலிபோர்னியாவின் ‘ஒப்லோங்கா’வும் இத்தாலியின் ‘ஃபிரான்டோயோ’வும் ஒரே ரகம் என்பதைக் குறிப்பான் ஆய்வுகள் உறுதிசெய்தன. ஆய்வகங்களுக்கிடையே முடிவுகள் பொருந்துவதற்காக 2009இல் 11 எஸ்.எஸ்.ஆர். குறிப்பான்கள் கொண்ட பொதுப் பட்டியல் வெளியானது.

கோர்டோபா சேமிப்பகம் பற்றிய 2014ஆம் ஆண்டு ஆய்வு, 33 எஸ்.எஸ்.ஆர். குறிப்பான்களையும் கொட்டையின் 11 பண்புகளையும் கொண்டு 824 மரங்களைச் சோதித்து 332 ரகங்களைப் பிரித்தறிந்தது. ஒரே ரகத்துக்குப் பல பெயர்கள் வழங்கும் 37 நேர்வுகள் புதிதாகத் தெரியவந்தன. பெயர்ச்சீட்டுப் பிழைகளும் வெளிப்பட்டன. 2016இல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயதுடைய ‘ஃபார்கா’ மரத்தின் முழு மரபணுத் தொகுதி வெளியானபின், ஓர் எழுத்து வேறுபாட்டையே காட்டும் எஸ்.என்.பி. குறிப்பான்களை உருவாக்குவது எளிதானது.

எல்லைகள்

ஆலிவ் எண்ணெயைக் கொண்டு ரகத்தை அறிவது கடினம்; அதில் எஞ்சும் டி.என்.ஏ. அளவில் குறைந்தும் சிதைந்தும் இருக்கும். பழத்தை விதையோடு சேர்த்து அரைப்பதால் மகரந்தம் தந்த மரத்தின் கூறுகளும் அதில் கலந்துவிடும். ஒரே ரகத்து மரங்களுக்குள்ளும் சிறு டி.என்.ஏ. மாற்றங்கள் தோன்றுகின்றன, 2014ஆம் ஆண்டு ஆய்வில் மட்டும் 130 மாற்று வடிவங்கள் பதிவாயின. அவற்றைப் புதிய ரகங்களாகக் கொள்ளாமல் விட்டதற்கு, கொட்டையின் பண்புகள் மாறாதிருந்ததே காரணம். எனவே டி.என்.ஏ. சோதனையும் கொட்டை ஆய்வும் சேர்ந்தே ஆலிவ் ரகத்தை உறுதிசெய்கின்றன.