குடும்ப அறைக்கு வெளியே ஒரு மேசை

சென்ற அரையாண்டு விடுமுறையில் அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு மூன்று நாள் சென்னைக்குப் போனேன். சாப்பிடுவதற்கென்றே போன பயணம். எந்த வேளைக்கு எந்தக் கடை என்று மகள் பட்டியல் போட்டிருந்தாள். கோவில்பட்டியில் ரயில் ஏறியதும் அவள் அதை வாசிக்க, அம்மா சொன்னார்: “மெட்ராஸ் ஓட்டல் சாப்பாடெல்லாம் சாப்பிட்டிருக்கேன். ஓட்டலுக்குள்ளதான் போனதில்ல.”

1974இல், கல்யாணமான புதிதில், அப்பாவோடு திருவல்லிக்கேணி லாட்ஜ் ஒன்றில் அம்மா நான்கு நாள் தங்கியிருக்கிறார். அப்பா ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு அம்மாவுக்குப் பொட்டலம் வாங்கிவருவார். “ஒங்கப்பாவக் குத்தம் சொல்ல முடியாது. அங்க பூராவும் ஆம்பளைகளா உக்காந்திருப்பாக.” இலையில் கட்டி வந்த ஆறிப்போன இட்லிதான் அம்மாவின் நினைவிலிருக்கும் மெட்ராஸ் ருசி.

அதே திருவல்லிக்கேணியில்தான், முரளி கஃபேயின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரி 1957இல் பெரியார் மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் நடந்த அந்தப் போராட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். 1958இல் அந்தச் சொல் போனது. ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கும் வழக்கம் அதற்கு முன்பே, 1941இல், முடிவுக்கு வந்திருந்தது. தமிழ்நாட்டு ஓட்டல்களின் வரலாறு, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதன் வரலாறும்தான்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆவது கூறு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி, கடைகளுக்குள்ளும் பொது உணவகங்களுக்குள்ளும் எந்தக் குடிமகளையும் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது. சாதியும் பாலும் அங்கே ஒரே வரியில் நிற்கின்றன. ஆனால் சாதிக்குப் பலகை இருந்தது. அதை எதிர்த்து மறியல் செய்ய முடிந்தது. பெண்ணைத் தடுக்கப் பலகையே தேவைப்படவில்லை. அந்தச் சட்டம் வந்து 24 ஆண்டு கழித்தும் அம்மா லாட்ஜ் அறையில் பொட்டலத்துக்காகக் காத்திருந்தார்.

பெண்ணுக்கென்று பலகை வந்தபோது அது மரியாதையின் வடிவில் வந்தது: ‘குடும்ப அறை’. நான் கல்லூரியில் படித்த நாட்களில், நாலு தோழிகள் சேர்ந்து போனாலும் சர்வரின் கை அந்தப் பக்கம்தான் நீளும். நான்கு ஆண்கள் வந்தால் நண்பர்கள். நான்கு பெண்கள் வந்தால் குடும்பம்! அந்தத் தடுப்புக்குப் பின்னால் யாரும் வெறிக்காமல் நிம்மதியாகச் சாப்பிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நிம்மதியை முன்கூடத்தில் ஏன் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. வெறிப்பவர்கள் அங்கேயே இருந்தார்கள். எழுந்து உள்ளே போனவர்கள் நாங்கள்.

பெண்கள் வெளியே சாப்பிட்டதே இல்லை என்று சொன்னால் அது நடுத்தர வீட்டுக் கதையாகிவிடும். வயலிலும் கட்டட வேலையிலும் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து வெட்டவெளியில்தான் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். இரட்டைக் குவளை இருந்த டீக்கடைகளில் தலித் பெண்ணுக்கு இரண்டு தடைகள். அவளுக்காகக் குடும்ப அறை எதுவும் கட்டப்படவில்லை.

இரண்டாம் நாள் கதீட்ரல் சாலையிலுள்ள செம்மொழிப் பூங்காவுக்குப் போனோம். 1962 முதல் 2008 வரை டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்த இடம் அது. காரில் உட்கார்ந்தபடியே அங்கே சாப்பிடலாம். “அதுவும் ஒரு குடும்ப அறைதானே, சக்கரம் வச்ச அறை” என்றாள் மகள். கார் இருந்த வீட்டுப் பெண்களுக்கு மட்டும் என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

அன்று மதியம் பட்டியலில் இல்லாத ஓரிடத்துக்கு அம்மாவே கூப்பிட்டார்: அம்மா உணவகம். 2013இல் இட்லி 1 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய் என்று தொடங்கப்பட்டவை இவை. சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள், அவர்களே பரிமாறுகிறார்கள். நம் ஓட்டல்களில் ‘மாஸ்டர்’ என்றால் பெரும்பாலும் ஆண்தான். காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும்தான் பெண்கள். வீட்டில் ஆயுள் முழுக்கப் பெண் பிடிக்கும் கரண்டி, சம்பளம் என்று வந்ததும் கைமாறிவிடுகிறது. இங்கே அது பெண் கையில் இருந்தது. நின்றுகொண்டு சாப்பிடும் மேசைகள், தனியறை இல்லை. கூடையை ஓரமாக இறக்கிவைத்துவிட்டுத் தனியாக வந்து சாப்பிட்டுப் போன ஒரு பெண்ணை அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பரிமாறியவரிடம் கேட்டார்: “நீ சாப்பிட்டியாம்மா?”

கடைசி நாள் காலை திருவல்லிக்கேணிக்குப் போனோம். அம்மா தங்கிய லாட்ஜைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பழைய ஓட்டலுக்குள் நுழைந்தோம். முன்கூடத்தில் ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். “மாடியில ஃபேமிலி ரூம் இருக்கும்மா” என்றார் சர்வர்.

நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னார்: “இருக்கட்டும்ய்யா. இங்ஙனயே உக்காந்துக்கிடுதோம்.”

நடு மேசையில் உட்கார்ந்தோம். இட்லி ஆவி பறக்க வந்தது. ஒரு விள்ளல் வாயில் போட்ட அம்மா, நாக்கைச் சுட்டுக்கொண்டு சிரித்தார்.