காஞ்சிபுரத்து தண்டியும் கௌட நாடும்

இங்கே டாக்குரியா பக்கம் பெங்காலி படிக்கிற நம் வீட்டுப் பிள்ளைகள் "உபமா, ரூபக், அனுப்ராஸ்" என்று உருப்போடும்போது, "அதெல்லாம் நமக்குத் தெரியாதுப்பா" என்று நழுவி விடுகிறோம். உபமா என்றால் உவமை (உப்புமா இல்லை!), ரூபக் என்றால் உருவகம். நாம் பள்ளியில் படித்ததுதான். பி.காம். படித்தவனுக்கு அணியிலக்கணம் எதற்கு என்று கேட்காதீர்கள், இதன் பின்னால் சுவையான வரலாறு இருக்கிறது.

தொல்காப்பியம் உவமைக்கென்றே ஓர் இயல் வைத்திருக்கிறது. வினை, பயன், மெய், உரு என்று நான்கு வகை. புலி போலப் பாய்ந்தால் வினை. மழை போலக் கொடுத்தால் பயன். துடி போன்ற இடை மெய் (வடிவம்). பவளம் போன்ற வாய் உரு (நிறம்).

பிறகு, சுமார் கி.பி. 700-ல், பல்லவர் காஞ்சியில் வாழ்ந்த தண்டி வடமொழியில் காவ்யாதர்சம் எழுதினார். 35 பொருளணிகளை வகைப்படுத்தினார். எழுத்து நடையை இரண்டாகப் பிரித்தார். தெளிவும் இனிமையும் உள்ளது வைதர்ப்பம். நீண்ட தொகைச்சொல், அடுக்கொலி, மிகையான வர்ணனை என்று போவது கௌடம். கௌடம் எது? சசாங்கன் 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வங்காளப் பகுதி! அவர் மெச்சியது வைதர்ப்பத்தைத்தான்.

அந்நூலைத் தழுவி 9-ஆம் நூற்றாண்டில் கன்னடத்தில் கவிராஜமார்க்கம் வந்தது. சிங்களத்துக்கும் திபெத்துக்கும்கூடப் போனது. தமிழில் 12-ஆம் நூற்றாண்டில் தண்டியலங்காரம். அதிலும் வைதருப்பம், கௌடம் இரண்டும் உண்டு. ஆனால் அங்கே கௌடம் ஊர்ப்பெயர் அல்ல, நடையின் பெயர். தஞ்சாவூர்க்காரரும் கௌடத்தில் எழுதலாம்!

பிள்ளைகளுக்குச் சொல்ல எளிய வழி இதோ. 'நிலவு போன்ற முகம்' உவமை. 'முகநிலவு' என்றால் முகமே நிலவாகிவிட்டது, அது உருவகம். ஏரிக்கரையில் மரக்கிளை காற்றில்தான் அசைகிறது. அது நம்மை "உட்கார்ந்துவிட்டுப் போ" என்று கூப்பிடுவதாகச் சொன்னால் தற்குறிப்பேற்றம், பெங்காலியில் உத்ப்ரேக்ஷா.

ஓர் எச்சரிக்கை. அனுப்ராஸ் என்றால் மோனை என்று சொல்லிவிடாதீர்கள். சொல்லின் எந்த இடத்தில் ஒலி திரும்ப வந்தாலும் அது அனுப்ராஸ். மோனைக்கு முதலெழுத்து ஒன்ற வேண்டும், எதுகைக்கு இரண்டாம் எழுத்து. இந்த இரண்டும் தமிழ் யாப்பின் சொந்தச் சொத்து.

பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்க வரவில்லையே என்று வருந்துகிறோம். அவர்கள் கையில் இருக்கிற பெங்காலிப் புத்தகமே ஒரு வாசல். அடுத்த முறை "உபமா" காதில் விழுந்தால் நழுவாமல் பக்கத்தில் உட்காருங்கள். காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் இதற்கு இலக்கணம் சொன்ன கதையிலிருந்து ஆரம்பியுங்கள்.